திரைச்சீலை யார் கையில்?

எங்கள் வீட்டில் இ.பி. கார்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகியிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் அதை உருவி, எண்ணை எழுதிவிட்டு, மறுபடியும் அங்கேயே செருகிவிட்டுப் போவார். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள், கார்டில் எழுதிக்கொண்டே கேட்டார்:

“என்னம்மா, வீட்ல விருந்தாளிங்களா?”

“ஆமாண்ணே, எங்க நாத்தனார் குடும்பம் பத்து நாள் இருந்தாங்க. ஏன், ஐநூறத் தாண்டிருச்சா?”

“தாண்டலம்மா. நாலு யூனிட்ல தப்பிச்சீங்க.”

ஐநூறைத் தாண்டாததில் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அத்தை வந்துபோனது இவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம்தான் புரிந்தது. கார்டில் போன தடவை எண் இருக்கிறது, இந்தத் தடவை எண் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் வழக்கத்தைவிட நூறு யூனிட் கூட. மிச்சம் அனுபவம்.

அறுபது நாளுக்கு ஒரே ஒரு எண். அதை வைத்தே ஒரு மனிதர் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்ததை ஊகித்துவிட்டார். அதே மீட்டர் கால் மணி நேரத்துக்கு ஒரு எண் அனுப்பினால் ஒரு நாளைக்கு 96 எண்கள். அறுபது நாளுக்கு 5,760. அந்த எண்களைப் படிப்பது ரீடிங் எடுக்க வந்த அண்ணன் இல்லை, எங்கோ இருக்கும் ஒரு சர்வர். அது என்னவெல்லாம் ஊகிக்கும்? யாரிடம் சொல்லும்?

இந்தக் கேள்வியை ஒரு நாடு தன் நாடாளுமன்றத்தில் வைத்து, ஸ்மார்ட் மீட்டர் சட்டத்தையே நிறுத்தியது. 2009-ல், நெதர்லாந்தில். இந்தக் கட்டுரை அந்தக் கதையைப் பற்றியது.

1

மீட்டர் வழியாக வீட்டைப் படிக்கலாம் என்பது ஸ்மார்ட் மீட்டருக்கு முன்னாலேயே தெரிந்த சங்கதி. 1980-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர், சூரிய மின்தகடு பொருத்திய வீடுகளின் மின் நுகர்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த வரைபடங்களைப் பார்க்கப் பார்க்க, எந்தக் கருவி எப்போது ஓடுகிறது என்பதை மொத்த நுகர்வை மட்டும் வைத்தே சொல்லிவிடலாம் என்பது அவருக்குப் பிடிபட்டது. வீட்டுக்குள் ஒரு கம்பியைக்கூடத் தொடவேண்டாம்.

சூட்சுமம் எளிது. ஒவ்வொரு கருவிக்கும் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓர் அடையாளம் உண்டு. நம்ம வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு 2,000 வாட் சட்டென்று ஏறி, கால் மணியில் இறங்கினால் அது கீஸர். 750 வாட் சில நொடி ஓடி, நின்று, மறுபடி சில நொடி ஓடினால் மிக்ஸியில் சட்னி அரைபடுகிறது. ராத்திரி பகல் பாராமல் ஒரே இடைவெளியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பது ஃப்ரிட்ஜ். ஒரு நாள் முழுக்க அந்த ஃப்ரிட்ஜ் மட்டுமே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால்? வீட்டில் யாரும் இல்லை.

ஹார்ட் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. 1989-ல், தொழில்நுட்பமும் சமூகமும் பற்றிய ஓர் ஆய்விதழில், இந்த முறையைக் கண்காணிப்புக்கும் பயன்படுத்த முடியும் என்று அவரே எழுதி எச்சரித்தார். தான் செய்த பூட்டின் கள்ளச்சாவியைப் பற்றித் தானே ஊருக்குச் சொன்ன மாதிரி. பின்னாளில் அவர் கணிதச் சிற்பங்கள் செய்பவராகப் பெயர் பெற்றார். அவர் எழுதி வைத்தது அப்படியே இருந்தது.

எல்லா மீட்டரும் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்காது என்பதையும் சொல்லவேண்டும். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அளக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் பில் போடலாம். கால் மணிக்கு ஒருமுறை என்றால் எப்போது எழுந்தீர்கள், எப்போது வெளியே போனீர்கள், எந்த ராத்திரி தூங்கவில்லை என்பது தெரியும். சில நொடிக்கு ஒருமுறை என்றால் இன்னும் உள்ளே போகலாம். 2011-ல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள், இரண்டு நொடிக்கு ஒருமுறை அளக்கும் மீட்டரை வைத்து, டிவியில் என்ன படம் ஓடுகிறது என்பதையே கண்டுபிடிக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். திரையில் வெளிச்சக் காட்சி வந்தால் மின்சாரம் கொஞ்சம் ஏறும், இருட்டுக் காட்சி வந்தால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே படத்தின் கைரேகை.

2

இனி நெதர்லாந்து.

2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் எரிசக்திச் சேமிப்புக்காக ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. மக்கள் தாங்கள் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறோம் என்று பார்க்கும்படியான மீட்டர்கள் வரவேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல நோக்கம்தான். தோராய பில் ஒழியும். மின்திருட்டைப் பிடிக்கலாம். கூரையில் சூரியத் தகடு போட்ட வீடுகள் பெருகப் பெருக, மின்வலையைச் சமாளிக்கவும் இந்தத் தகவல் வேண்டும்.

டச்சு அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. நாட்டின் ஏறத்தாழ 70 லட்சம் வீடுகளுக்கும் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம் என்று ஒரு மசோதா கொண்டுவந்தது. மின்சாரத்தைக் கால் மணிக்கு ஒருமுறையும், சமையலுக்கும் சூடாக்கவும் பயன்படும் எரிவாயுவை மணிக்கு ஒருமுறையும் அளந்து அனுப்பும் மீட்டர். வேண்டாம் என்று மறுத்தால் அது பொருளாதாரக் குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 17,000 யூரோ வரை அபராதம்.

மீட்டர் வேண்டாம் என்றால் ஜெயில்! 2008-ல் கீழவை இந்த மசோதாவை நிறைவேற்றியும் விட்டது.

அப்போது டச்சு நுகர்வோர் சங்கமான கோன்சுமென்டன்பாண்ட், டில்பர்க் பல்கலைக்கழகத்திடம் ஓர் ஆய்வைக் கேட்டது. கோலெட் கய்பர்ஸ், பெர்ட்-யாப் கோப்ஸ் என்ற இரண்டு சட்ட ஆய்வாளர்கள் மசோதாவை ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவரின் தனிவாழ்க்கை, குடும்பம், வீடு, கடிதம் ஆகியவற்றில் அரசு தலையிடக்கூடாது என்கிற பிரிவு அது. தலையிட்டே ஆகவேண்டுமென்றால், ஒரு ஜனநாயகச் சமூகத்தில் அது அவசியம் என்று அரசு காட்டவேண்டும். இந்த மசோதா அந்தச் சோதனையில் தேறாது என்று 2008-ன் இறுதியில் அவர்கள் முடிவு சொன்னார்கள்.

“அவசியமா?” என்ற அந்த ஒரே கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நாமும் யோசித்துப் பார்க்கலாம். சரியான பில் போட மாதம் ஓர் எண் போதும். மின்வலையைச் சமாளிக்க ஒரு தெருவின் மொத்த நுகர்வு போதும், கதவு எண் வேண்டாம். வீட்டுக்காரர் சிக்கனம் பழகவேண்டுமா? வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னத் திரையில் காட்டினால் போச்சு, தகவல் வாசல்படி தாண்டவே வேண்டாம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், எல்லா வீட்டின் கால் மணிக் கணக்கும் எதற்கு என்ற இடத்தில் போய் நிற்போம்.

3

இங்கே ஒரு விசித்திரம். டச்சு ஊர்களுக்குப் போனவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு விஷயம் உண்டு: தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்கள், அவற்றில் திரையே இழுத்துவிடாத வீடுகள். சாயங்காலம் நடந்துபோனால் சோபா, புத்தக அலமாரி, சாப்பாட்டு மேசை எல்லாம் தெரியும். எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டும் பழக்கம் அது என்பார்கள்.

மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் ஏன் ஒரு மீட்டருக்குப் பயப்படவேண்டும்? நம்மிடமும் இதே கேள்விதானே வரும், “தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?” என்று.

ஜன்னல் வழியே பார்ப்பவர் நடந்துபோய்விடுகிறார், குறித்து வைத்துக்கொள்வதில்லை. அவர் பார்ப்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். பிடிக்காவிட்டால் திரையை இழுத்துவிடலாம். திரை வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. கட்டாய மீட்டரில் அது வேறொருவர் கையில் இருக்கும், பார்த்ததெல்லாம் பதிவாகவும் இருக்கும்.

பதிவேடு என்ன செய்யும் என்பது அந்த நாட்டுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு நெதர்லாந்தின் மக்கள் பதிவேடு ஐரோப்பாவிலேயே மிக ஒழுங்கானவற்றில் ஒன்று. பெயர், முகவரி, மதம் எல்லாம் அட்டை அட்டையாக. யாரும் கெட்ட நோக்கத்தில் அதைத் தயாரிக்கவில்லை, நல்ல நிர்வாகத்துக்காகத் தயாரித்தார்கள். 1940-ல் நாஜிகள் நாட்டைப் பிடித்தபோது அந்த அட்டைகள் தயாராக இருந்தன. நெதர்லாந்தில் இருந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்த ஒழுங்கான பதிவேடும் அவற்றில் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1943 மார்ச் 27 இரவு, ஓவியர் வில்லெம் அரோந்தேயஸும் நண்பர்களும் போலீஸ் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். காவலர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து வெளியே கிடத்திவிட்டு, அட்டைகளைக் குவித்து தீ வைத்தார்கள். எரிந்தது ஒரு பகுதிதான். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று அரோந்தேயஸ் உட்படப் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அட்டைகளை அழிக்க உயிரைக் கொடுத்தவர்கள்.

1971-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது நாட்டில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதற்குப் பிறகு அங்கே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது நடக்கவேயில்லை. 2009-ன் மீட்டர் விவாதத்தை நேராக இதன் தொடர்ச்சி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் “நல்லதுக்குத்தானே எடுக்கிறோம்” என்ற வாதம் அந்த மண்ணில் ஒருமுறை எங்கே போய் முடிந்தது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

4

“அதெல்லாம் போர்க்காலம், சர்வாதிகாரம்” என்று சொல்லலாம். அதனால் பக்கத்து நாட்டு ஜனநாயகத்திலிருந்து ஓர் உதாரணம். அதுவும் மின்சார பில்லிலிருந்தே.

1979, மேற்கு ஜெர்மனி. ஆர்.ஏ.எஃப். என்ற ஆயுதக் குழுவைப் பிடிக்க முடியாமல் அரசு திணறிக்கொண்டிருந்தது. மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறையின் தலைவர் ஹார்ஸ்ட் ஹெரோல்டுக்குக் கம்ப்யூட்டர் மீது அபார நம்பிக்கை. அவர் இப்படி யோசித்தார்: தலைமறைவாக இருப்பவர் பொய்ப் பெயரில் வீடு எடுத்திருப்பார். பொய்ப் பெயரில் வங்கிக் கணக்கு வைப்பது கஷ்டம். அப்படியென்றால் மின்கட்டணத்தை ரொக்கமாகத்தான் கட்டுவார்.

பிராங்க்பர்ட்டில் மின்கட்டணத்தை ரொக்கமாகக் கட்டுபவர்களின் பட்டியல் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 பேர். அதிலிருந்து, முகவரிப் பதிவேட்டில் இருப்பவர்கள், கார் வைத்திருப்பவர்கள், ஓய்வூதியம் வாங்குபவர்கள் என்று உண்மையான ஆட்களை எல்லாம் ஒவ்வொரு பட்டியலாகப் போட்டுக் கழித்தார்கள். கடைசியில் மிஞ்சியவை இரண்டே பொய்ப் பெயர்கள். ஒருவர் போதைப்பொருள் வியாபாரி. இன்னொருவர் தேடப்பட்ட ஆர்.ஏ.எஃப். உறுப்பினர். அந்த ஜூன் மாதம் அவர் பிடிபட்டார்.

முறை பலித்தது. தேடிய ஆளும் நிஜமாகவே ஆபத்தானவர். அதனால்தான் இந்த உதாரணம் சிக்கலானது. ஆனால் அந்த ஒருவருக்காகச் சல்லடையில் போடப்பட்ட மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் செய்த ஒரே காரியம், கரண்ட் பில்லை ரொக்கமாகக் கட்டியது. மின்வாரியக் கணக்கு பில்லுக்காக எழுதப்பட்டது. போலீஸ் அதை வேறொன்றாகப் படித்தது. எண்கள் எதற்காகச் சேகரிக்கப்பட்டன என்பது அந்த எண்களில் எழுதியிருக்காது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1983 டிசம்பரில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு புதிய உரிமையை அறிவித்தது: தன்னைப் பற்றிய தகவல் எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அந்தந்த மனிதருக்கே. கம்ப்யூட்டர் யுகத்தில் அற்பமான தகவல் என்று எதுவும் கிடையாது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஒரு வீட்டின் ஃப்ரிட்ஜ் ஏறி இறங்குவதும் அதில் சேரும்.

5

மறுபடியும் ஹேக் நகருக்கு வருவோம். மசோதா மேலவைக்கு வந்தது. 75 உறுப்பினர்கள், மாகாண அவைகளால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். ஊரில் பெரிதாகப் பேசப்படாத சபை. ஆனால் டச்சு அரசியல் சாசனத்தில் ஒரு வித்தியாசமான விதி உண்டு: நாடாளுமன்றம் போட்ட சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமா என்று நீதிமன்றம் பார்க்கக்கூடாது. அதனால் அந்தச் சோதனையின் பாரம் மேலவையின் தலையில் விழுகிறது. அதற்கும் கை கட்டித்தான் விட்டிருக்கிறார்கள். மேலவை மசோதாவில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம், அவ்வளவுதான்.

2009 ஏப்ரல் 7 அன்று மேலவை மசோதாவை ஏற்க மறுத்தது. டில்பர்க் அறிக்கை எழுப்பிய தனியுரிமைக் கேள்விதான் விவாதத்தின் மையம். அரசு மசோதாவைத் திருப்பி எடுத்துப்போய்த் திருத்த வேண்டியதாயிற்று.

திருத்திய சட்டம் 2011-ல் நிறைவேறியது. சிறையும் அபராதமும் போய்விட்டன. வீட்டுக்காரருக்கு வழிகள் வந்தன. மீட்டரே வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. மீட்டரை வைத்துக்கொண்டு, தொலைவிலிருந்து ரீடிங் எடுப்பதை நிறுத்திவைக்கச் சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் ஆண்டுக் கணக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுகர்வுக் கணக்கு, வீடு மாறும்போது ஓர் எண் என்று தேவையான அளவு மட்டும் எடுத்தார்கள். கால் மணிக் கணக்கு வெளியே போகவேண்டுமென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டியிருந்தது.

நான் முதலில் எதிர்பார்த்தது, இப்படி விட்டால் யார் மீட்டர் வைப்பார்கள் என்றுதான். நடந்தது வேறு. 2015 முதல் நாடு முழுக்கப் பொருத்தத் தொடங்கினார்கள். பெரும்பாலான வீடுகள் வாங்கிக்கொண்டன. மறுத்தவர்கள் சிறுபான்மைதான். ஜெயில் என்று மிரட்டியபோது நாடாளுமன்றத்தில் முட்டி நின்ற அதே பெட்டி, வேண்டாம் என்று சொல்லும் உரிமை வந்ததும் அமைதியாகச் சுவரில் ஏறிவிட்டது. இரண்டு ஆண்டு தாமதம். அதற்கு ஈடாகக் கிடைத்தது நம்பிக்கை.

6

முதலில் மாட்டிவிட்டுப் பிறகு யோசித்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நேப்பர்வில் என்ற ஊர். மின்சாரம் நகராட்சியுடையது. கால் மணிக்கு ஒருமுறை அளக்கும் மீட்டரை எல்லா வீட்டுக்கும் மாட்டினார்கள். 2013-ல் மாட்ட வந்தவர்களைத் தடுத்த இரண்டு பெண்கள் கைதானார்கள். அங்கிருந்த ஒரு குடிமக்கள் குழுவின் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2018-ல் தீர்ப்பு: கால் மணிக் கணக்கை அரசு எடுப்பது, சட்டப்படி வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம். ஆனால் மின்வலைக்காக, போலீஸ் நோக்கமில்லாமல் எடுப்பதால் இது நியாயமான சோதனை. இடைவெளி குறைந்தாலோ, போலீஸ் கைக்கு எளிதாகப் போனாலோ பதில் மாறலாம். நிஜமாகச் சம்மதம் கேட்டிருந்தால் இந்தத் தகராறே வந்திருக்காது என்றும் நீதிபதிகள் நகராட்சிக்குச் சொன்னார்கள். டச்சு மேலவை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்த இடம்.

போலீஸ் கைக்குப் போவது வெறும் கற்பனை இல்லை. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில், அதிகம் மின்சாரம் செலவாகும் வீடுகளின் விவரங்களை மின்நிறுவனம் போலீசிடம் கொடுத்துவந்தது. அங்கே கஞ்சாச் செடி வளர்க்கிறார்களோ என்ற சந்தேகம். இதில் ஆசிய வம்சாவளியினர் குறிவைக்கப்பட்டார்கள் என்று குற்றம்சாட்டி 2022-ல் வழக்குத் தொடரப்பட்டது. மின் நுகர்வுத் தகவலைப் பிறருக்குத் தரக்கூடாது என்று கலிபோர்னியாவில் ஏற்கெனவே சட்டம் இருந்தது. சட்டப் புத்தகத்தில் வரி இருந்தாலும், அதை எடுத்துக்காட்டிக் கேட்க ஆள் வேண்டியிருந்தது. 2025-ல் அந்த ஏற்பாடு சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னது.

7

இப்போது நம்ம ஊர். மத்திய அரசின் 2021-ம் ஆண்டுத் திட்டத்தின் இலக்கு நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள். நெதர்லாந்தின் மொத்த வீடுகளைப்போல முப்பத்தைந்து மடங்கு. தமிழ்நாட்டில் சென்னை தி.நகரில் முன்னோட்டமாக மாட்டிப் பார்த்தார்கள். நுகர்வோர் உரிமை விதிகளில் 2023-ல் வந்த திருத்தத்தின்படி, ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்து படிக்கவேண்டும். அந்தத் தகவலை நுகர்வோருக்கும் காட்டவேண்டும் என்று விதிகள் சொல்கின்றன, நல்லது.

நமக்கு 2017-ன் புட்டசாமி தீர்ப்பு இருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் மானியமும் சேவையும் வழங்குவதற்கு, சில நிபந்தனைகளோடு, அரசு அமைப்புகள் தனியாகச் சம்மதம் கேட்காமலேயே தரவைக் கையாள அந்தச் சட்டம் இடம் தருகிறது. நம் வீட்டின் முதல் நூறு யூனிட் மானியத்தில்தான் ஓடுகிறது.

நம்ம ஊரில் இதுவரை நடந்த ஸ்மார்ட் மீட்டர் சண்டைகள் பெரும்பாலும் பில் பற்றியவை, ப்ரீபெய்டு பற்றியவை, மீட்டர் யார் செலவு என்பது பற்றியவை. அவையெல்லாம் நியாயமான சண்டைகள். அந்தக் கால் மணி எண்கள் எங்கே போகின்றன என்ற கேள்வி மட்டும் பின்வரிசையில் நிற்கிறது.

ரீடிங் எடுக்க வந்த அந்த அண்ணன் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். அவரும் எங்கள் வீட்டைப் படித்தவர்தான். ஆனால் அவர் முகம் எங்களுக்குத் தெரியும். என்ன படித்தார் என்பதை வாசலிலேயே சொன்னார். அடுத்த தெருவுக்குப் போவதற்குள் மறந்தும் போயிருப்பார்.

போன வாரம் அம்மாவிடம் போனில் சொன்னேன். “மீட்டர் மாத்த வந்தாங்கன்னா மூணு விஷயம் கேளும்மா. எத்தன நிமிஷத்துக்கு ஒருதடவ எடுப்பீங்க, எத்தன வருஷம் வெச்சிருப்பீங்க, யார் யாருக்குக் குடுப்பீங்கன்னு.”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “அவங்க மாட்டிட்டுப் போற பசங்கடா. அவங்களுக்கு என்ன தெரியும்?”

சரியான பதில். மாட்ட வருபவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இல்லை இவை. அவர் வருவதற்கு முன்னால், சட்டமன்றத்திலும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் கேட்கவேண்டியவை. நெதர்லாந்தில் அப்படித்தான் கேட்டார்கள். அதுவும் கீழவை கைதூக்கி முடித்தபிறகு, கடைசி வாசலில்.